வீடா, சானடோரியமா: சென்னைக் காசநோய் ஆய்வும் மருத்துவச் சான்றின் எல்லையும்

1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் என்ற ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி நடத்திய இந்நிலையம், நுரையீரல் காசநோயாளருக்கு மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சை அளிப்பதா, வீட்டிலேயே இருக்கவிட்டுச் சிகிச்சை அளிப்பதா என்ற ஒரே கேள்வியைத் தன் முதல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. 1959இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு, இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டத்துக்கு அடித்தளமாக அமைந்ததோடு, பின்னர் பல நாடுகளின் சிகிச்சை முறையையும் மாற்றியது. மருத்துவ ஆராய்ச்சி ஒரு நோயின் வரலாற்றைத் திருப்பிவிட்டதற்கு எடுத்துக்காட்டாக அது அடிக்கடி சுட்டப்படுகிறது. ஆயினும் அந்த ஆய்வு எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்ற வேறுபாடு காலப்போக்கில் மங்கியதால், அதன் பெயரால் சில தவறான முடிவுகளும் நிலைபெற்றன. கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே ஓர் ஆய்வு விடையளிக்கும். கேட்கப்படாத கேள்விக்கும் அதுவே விடை என்று கொள்வது சான்றின் எல்லையைத் தாண்டுவதாகும். இச்சொற்பொழிவு இக்கருத்தைச் சென்னை ஆய்வின் வழியே விளக்க முற்படுகிறது.

சானடோரியம் என்னும் முறை

காசநோய்க்குக் காரணமான நுண்கிருமியை ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் அறிவித்தபோதிலும், அக்கிருமியைக் கொல்லும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்களுக்கு இருந்த முக்கிய வழி சானடோரியம்: நகர நெரிசலுக்கு வெளியே, தூய காற்றும் நல்ல உணவும் முழு ஓய்வும் கிடைக்குமாறு அமைக்கப்பட்ட, நோயாளர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தங்கும் மருத்துவமனை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரேமர் தொடங்கிவைத்த இம்முறை ஐரோப்பா முழுவதும் பரவி, தென்னிந்தியாவையும் வந்தடைந்தது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915இல் கிறித்தவ மிஷன்களின் கூட்டு முயற்சியால் ஒரு சானடோரியம் எழுந்தது. கணித மேதை ராமானுஜன் 1917இல் சிகிச்சை பெற்ற இங்கிலாந்தின் மெண்டிப் மலைச் சானடோரியத்தை நடத்திய டாக்டர் டேவிட் சவுரிமுத்து, தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அதை அரசு ஏற்றுக்கொண்டது. இன்றும் அப்பகுதியும் அதன் ரயில் நிலையமும் சானடோரியம் என்ற பெயரையே தாங்கி நிற்கின்றன.

சானடோரியம் நோயாளரைக் குணப்படுத்தியதா என்பது அக்காலத்தில் முறையாகச் சோதிக்கப்படவில்லை. சிலர் தேறினர், பலர் மாண்டனர். தேறியவர் சானடோரியத்தால் தேறினரா, இயல்பாகவே தேறக்கூடியவராக இருந்தனரா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. காசநோய் தானாகவே தணிவதும் மீண்டும் கிளம்புவதும் உண்டு. அத்தகைய நோயில், ஒரு சிகிச்சைக்குப் பின் நலம் ஏற்பட்டது என்பது அச்சிகிச்சையால் நலம் ஏற்பட்டது என்பதற்குச் சான்றாகாது.

1948ஆம் ஆண்டின் பாடம்

இப்பிரித்தறிதலுக்கு உரிய கருவியைக் காசநோய் ஆராய்ச்சியே மருத்துவத்துக்கு அளித்தது. 1940களில் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க் கிருமியைத் தாக்கும் முதல் சிறந்த மருந்தாக விளங்கியது. போருக்குப் பிந்தைய பிரிட்டனுக்கு மிகச் சிறிதளவே அம்மருந்து கிடைத்தமையால், எல்லா நோயாளருக்கும் வழங்குவது இயலாததாயிற்று. அந்தத் தட்டுப்பாட்டையே வாய்ப்பாகக் கொண்டு, புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லின் திட்டப்படி, 107 நோயாளரை இரு குழுக்களாகப் பிரித்து ஓர் ஒப்பீடு நடத்தப்பட்டது. எவர் எக்குழுவில் சேர வேண்டும் என்பதை மருத்துவரோ நோயாளரோ முடிவு செய்யவில்லை. முன்கூட்டியே தயாரிக்கப்பட்டு மூடிய உறைகளுக்குள் வைக்கப்பட்ட சமவாய்ப்பு எண்கள் முடிவு செய்தன. இதுவே சமவாய்ப்பு ஒதுக்கீடு எனப்படும். நோயின் கடுமை, வயது, உடல்வலு, வறுமை முதலிய அறிந்த காரணிகளும், எவரும் அறியாத காரணிகளும் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவும்படி செய்வதும், மருத்துவரின் விருப்பு வெறுப்பு ஒதுக்கீட்டுக்குள் நுழையாமல் தடுப்பதும் இதன் பயன்.

1948இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். மருந்தின் ஆற்றல் ஐயமற நிறுவப்பட்டது. ஆனால் அதே நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, மருந்து பெற்றவர்களில் 32 பேரும், பெறாதவர்களில் 35 பேரும் இறந்திருந்தது தெரியவந்தது. ஆறு மாதத்தில் கிடைத்த பெரும் வெற்றி ஐந்தாண்டில் கரைந்துபோயிருந்தது. காரணத்தை ஆய்வகம் கண்டுபிடித்தது. நுரையீரலில் நோய் குடைந்த ஒரு குழிக்குள் பத்துக் கோடி கிருமிகள்கூட வாழ முடியும். அவற்றுள் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் ஒரு குறிப்பிட்ட மருந்தை இயல்பாகவே எதிர்க்கும் கிருமிகள் இருக்கும். ஒரே மருந்தைத் தந்தால் மற்றவை அழிய, எதிர்ப்பவை மட்டும் பெருகி இடத்தை நிரப்பும். இரு மருந்துகளைச் சேர்த்துத் தந்தால், இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி அக்குழிக்குள் இருப்பதற்கான வாய்ப்பு மிக அரிதாகிவிடும். சுவீடனில் யோர்கன் லேமன் உருவாக்கிய பாரா அமினோ சாலிசிலிக் அமிலம், அதாவது பாஸ் என்ற மருந்தும், 1952இல் பயன்பாட்டுக்கு வந்த ஐசோனியாசிட் என்ற மலிவான மாத்திரையும் இத்தகைய கூட்டுச் சிகிச்சையை இயலச் செய்தன. காசநோய் குணமாகும் நோயாயிற்று.

சென்னையில் எழுந்த கேள்வி

நோய் குணமாகும் என்பது தெரிந்தபோது இந்தியா எதிர்கொண்ட இடர் வேறு வகையானது. 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, ஆயிரம் பேருக்கு 2 முதல் 8 பேர் வரை சளியில் கிருமியை வெளியேற்றும் காசநோயாளராக இருப்பதைக் காட்டியது. நாட்டின் மக்கள்தொகைக்கு இதை விரித்தால் நோயாளர் தொகை பல லட்சமாகும். காசநோய்க்கென இருந்த படுக்கைகளோ சில பத்தாயிரங்களுக்குள் அடங்கின. மருந்து இருந்தும், ஒவ்வொரு நோயாளரையும் சானடோரியத்தில் ஓராண்டு வைத்திருந்தே சிகிச்சை அளிக்க வேண்டும் என்றால், மிகப் பெரும்பாலோருக்கு அம்மருந்து எட்டப்போவதில்லை. வீட்டில் வைத்துச் சிகிச்சை அளிக்கலாமா என்ற கேள்வி இவ்வாறு எழுந்தது.

அக்கேள்விக்கு எதிராக நின்ற ஐயங்கள் வலுவானவை. சென்னையின் ஏழை நோயாளர் பெரும்பாலும் ஒற்றை அறைக் குடியிருப்பில் பலரோடு வாழ்ந்தனர். அவர்களுக்கு ஓய்வில்லை, போதிய உணவில்லை. வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தொற்று பரவும் என்ற அச்சம் இருந்தது. மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வார்களா என்பதற்கும் உறுதியில்லை. இந்த ஐயங்களைத் தர்க்கத்தால் தீர்க்க இயலாது, ஒப்பீட்டால் மட்டுமே தீர்க்க இயலும் என்பதே மையத்தின் முதல் தலைவரான வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடன் பணியாற்றிய இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்களும் மேற்கொண்ட நிலை.

சளியில் கிருமி இருப்பது உறுதி செய்யப்பட்ட 193 நோயாளர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாக்கப்பட்டனர். இரு குழுவினருக்கும் ஓராண்டு காலம் நாள்தோறும் ஐசோனியாசிட்டும் பாஸும் அளிக்கப்பட்டன. 45 கிலோ எடையுள்ளவருக்கு இவை ஏறத்தாழ 200 மில்லிகிராம் ஐசோனியாசிட்டும் 10 கிராம் பாஸும் ஆகும். ஒரு குழு சானடோரியத்தில் தங்கி, ஓய்வும் ஊட்டமான உணவும் செவிலியர் பராமரிப்பும் பெற்றது. மற்றொரு குழு தத்தம் வீட்டிலேயே இருந்து, வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்தைப் பெற்றுச் சென்றது. மருந்து ஒன்றே, கால அளவு ஒன்றே. இடமும் அதனோடு ஒட்டிய வாழ்நிலையுமே வேறு.

ஆய்வகம் அளித்த அளவுகோல்

இத்தகைய ஒப்பீட்டில் குணம் என்று எதைக் கொள்வது என்பது முதன்மையான சிக்கல். உடல் எடை கூடுதல், காய்ச்சல் தணிதல், எக்ஸ்ரே படத்தில் நிழல் குறைதல் ஆகியவை எல்லாம் நலத்தின் அறிகுறிகளே. ஆயினும் இவற்றுள் சில பார்ப்பவரின் மதிப்பீட்டைச் சார்ந்தவை, சில உணவாலும் ஓய்வாலும் மட்டுமே மாறக்கூடியவை. ஆகவே சென்னை ஆய்வாளர்கள் தம் முதன்மை அளவுகோலாகச் சளியையே கொண்டனர்.

சளியைச் சோதிக்க இரு வழிகள் உண்டு. கண்ணாடிச் சில்லில் சளியைப் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியால் பார்ப்பது ஒன்று. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தாலன்றி இவ்வழியில் அவை எளிதில் புலப்படா. முட்டை கலந்த ஊடகத்தில் சளியை இட்டுக் கிருமியை வளர்ப்பது மற்றொன்று. மில்லிலிட்டருக்குச் சில பத்துக் கிருமிகள் இருந்தாலும் இவ்வழியில் அறியலாம். ஆனால் காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்வதால், வளர்ப்பின் முடிவு தெரிய ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். வளர்ந்த கிருமி மருந்தை எதிர்க்கிறதா என்பதையும் அதன் பின்னரே சோதிக்க முடியும். மாதந்தோறும் ஒவ்வொரு நோயாளரின் சளியையும் இவ்வாறு வளர்த்துப் பார்ப்பது பெரும் உழைப்பைக் கோரியது. கிருமியியலில் டெனிஸ் மிச்சிசனின் வழிகாட்டுதல் இவ்வுழைப்புக்குத் துணைநின்றது. ஆண்டின் இறுதி மாதங்களில் சளியில் கிருமி வளராத நிலையே கிருமியியல் நோக்கில் நோய் அடங்கிய நிலை என வரையறுக்கப்பட்டது. நோயாளர் வீட்டில் இருந்தாரா சானடோரியத்தில் இருந்தாரா என்பது ஆய்வகக் குப்பிக்குத் தெரியாது என்பதே இந்த அளவுகோலின் நடுநிலைமைக்கு அடிப்படை.

முடிவும் அதன் வலிமையும்

ஓராண்டின் முடிவில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களில் 86 விழுக்காட்டினருக்கும், சானடோரியத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1966இல் வெளியிட்ட அறிக்கையிலும், நோய் மீண்டும் தலைகாட்டுவதில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இந்த எண்களை எவ்வாறு படிப்பது என்பது சிந்தனைக்குரியது. ஒவ்வொரு குழுவிலும் நூறு பேருக்கும் குறைவானவர்களே இருந்தமையால், ஆறு விழுக்காட்டு வேறுபாடு தற்செயலாகவே நேர்ந்திருக்கக்கூடும். அதே காரணத்தால், சானடோரியத்துக்கு உண்மையிலேயே பத்து விழுக்காட்டளவு மேன்மை இருந்தது என்ற கருத்தையும் அந்த எண்கள் முற்றாக மறுக்க இயலாது. இரு முறைகளும் முற்றிலும் சமம் என்பதன்று ஆய்வு நிறுவியது. கூட்டு மருந்து ஒழுங்காகக் கிடைத்தால், வறிய வீட்டிலும் மிகப் பெரும்பாலோருக்குக் கிருமி அழியும் என்பதையும், சானடோரியத்தின் கூடுதல் பயன் இருந்தாலும் அது பெரிதன்று என்பதையுமே அது நிறுவியது. ஒரு நாட்டின் கொள்கைக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. இடம் கிடைத்த சிலருக்குச் சற்று மேலான சிகிச்சை, மற்ற அனைவருக்கும் ஒன்றுமில்லை என்ற நிலைக்கும், அனைவருக்கும் ஏறத்தாழ அதே அளவு நல்ல சிகிச்சை என்ற நிலைக்கும் இடையில் தேர்வு செய்ய, விழுக்காட்டின் நுண்ணிய வேறுபாடு தேவைப்படவில்லை.

இம்முடிவு தென்னிந்தியாவுக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கலாம் என்ற ஐயத்தையும் மையமே எழுப்பி ஆராய்ந்தது. மிச்சிசனும் உடன் உழைத்தோரும் தென்னிந்திய நோயாளரிடமிருந்தும் பிரிட்டிஷ் நோயாளரிடமிருந்தும் பெற்ற கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, தென்னிந்தியக் கிருமிகளில் பல அவ்விலங்குகளிடத்தில் குறைந்த வீரியமே காட்டின. இதனால் தென்னிந்தியரின் நோய் இலேசானது என்று கொள்ள இடமில்லை. அந்நோயாளரில் பலரின் நுரையீரல் பெரிதும் சிதைந்தே இருந்தது. விலங்கில் காணும் வீரியமும் மனிதரில் காணும் நோயின் கடுமையும் ஒன்றல்ல என்பதையே இது உணர்த்தியது. வீட்டுச் சிகிச்சை பின்னர் வேறு நாடுகளிலும் பலன் தந்தமை, சென்னை முடிவு வட்டாரத் தனித்தன்மையால் விளைந்ததன்று என்பதை உறுதிப்படுத்தியது.

உடன் வாழ்வோருக்கு நேர்ந்தது

சானடோரியத்தை ஆதரித்தவர்களின் மிக வலிய வாதம் நோயாளரைப் பற்றியதன்று. அவருடன் ஒரே அறையில் உறங்கும் மனைவி மக்களைப் பற்றியது. எனவே இரு குழுக்களின் குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து எக்ஸ்ரேயாலும் தோல் சோதனையாலும் சளிச் சோதனையாலும் ஆராய்ந்தனர். 1966இல் வெளியான முடிவு எதிர்பாராதது: நோயாளரை ஓராண்டு வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் நோய்வாய்ப்பட்டோர் தொகை, நோயாளர் பிரித்து வைக்கப்பட்ட குடும்பங்களில் இருந்ததைவிட அதிகமாக இல்லை.

இதற்கான விளக்கம் தொற்றுக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாட்டில் அடங்கியுள்ளது. கிருமி உடலுள் புகுவது தொற்று; அது பெருகி உறுப்பைச் சிதைப்பது நோய். தொற்றியவர்களில் பெரும்பாலோர் நோயுறுவதில்லை. நோயுறுவோரிலும் பலர் தொற்றிய ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே நோயுறுகின்றனர். நோயாளர் இருமத் தொடங்கியது முதல் மருத்துவரிடம் வந்து நோய் கண்டறியப்படும் வரை பல மாதங்கள் கழிகின்றன. உடன் வாழ்வோருக்குத் தொற்று பரவ வேண்டிய அளவு அந்த மாதங்களிலேயே பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் சளியில் கிருமி விரைவாகக் குறைந்துவிடுவதால், அதற்குப் பிந்தைய பிரிவு குடும்பத்தை அதிகமாகக் காப்பதில்லை. நோயைக் காலந்தாழ்த்தாமல் கண்டறிவதே குடும்பத்தைக் காக்கும் வழி என்பது இதிலிருந்து பெறப்படும் படிப்பினை. பெங்களூரில் 1959இல் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963இல் வெளியிட்ட சமூகவியல் ஆய்வு இதற்கு ஓர் இணைப்பாக அமைந்தது: அறிகுறியுடைய நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவ உதவி நாடியிருந்தனர். ஆக, தாமதத்துக்கு மக்களின் அறியாமையை மட்டும் பொறுப்பாக்க இயலாது. தம்மிடம் வந்த நோயாளரின் சளியைச் சோதித்துப் பார்க்காத மருத்துவமனைகளுக்கும் அதில் பங்குண்டு.

மாத்திரையும் அதைப் பற்றிய உறுதியும்

வீட்டுச் சிகிச்சையின் மிக நலிந்த கண்ணி, நோயாளர் மருந்தை உட்கொள்கிறாரா என்பது. ஃபாக்ஸ் 1958இலேயே இதைத் தனியொரு சிக்கலாக வகுத்து எழுதினார். கேட்டால் உட்கொண்டதாகவே எவரும் கூறுவர் என்பதால், மையத்தின் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரைப் பெற்று வந்து சோதித்தனர். பாஸ் உட்கொண்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் அது செவ்வூதா நிறம் கொள்ளும். இந்த எளிய வேதிச்சோதனை, நோயாளரின் சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்தது. பாஸ் நாளொன்றுக்குப் பத்துக் கிராம் அளவில் வயிற்றைப் புரட்டும் மருந்து. உடல் தேறியதாக உணர்ந்த பின்னும் மாதக்கணக்கில் அதைத் தொடர்வது எவருக்கும் கடினம் என்பதை ஆய்வாளர்கள் உணர்ந்திருந்தனர்.

இச்சிக்கலைத் தீர்க்கும் வழி மருந்தின் இயல்பை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. ஒரே அளவு ஐசோனியாசிட்டை நாளுக்கு இருமுறை பிரித்துத் தருவதைவிட ஒரே வேளையில் தருவது மேலான பலனளிக்கிறது என்று மையத்தின் அடுத்த ஆய்வு 1960இல் காட்டியது. அதாவது, குருதியில் மருந்து இடையறாது இருப்பதைக் காட்டிலும், அது எட்டும் உச்ச அளவே கிருமியைக் கொல்வதில் முதன்மை பெறுகிறது. உச்ச அளவே முக்கியமெனில், அளவைக் கூட்டி நாள்களைக் குறைக்கலாம் என்ற எண்ணம் தோன்றியது. வாரத்துக்கு இருமுறை மட்டும், மருத்துவப் பணியாளரின் கண்முன்னே, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் உயர் அளவு ஐசோனியாசிட்டும் அளிக்கும் முறை, நாள்தோறும் வீட்டில் தாமே உட்கொள்ளும் முறைக்குச் சற்றும் குறைந்ததன்று என்பதை 1964இல் வெளியான ஆய்வு நிறுவியது. நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை என்று பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட முறையின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

உயர் அளவு ஐசோனியாசிட் சிலருக்குக் கைகால் நரம்புகளில் எரிச்சலையும் மரப்பையும் உண்டாக்கியது. ஐசோனியாசிட்டை உடலிலிருந்து அகற்றும் நொதி சிலரிடம் விரைவாகவும் சிலரிடம் மெதுவாகவும் செயல்படுவது பிறப்பிலேயே அமைந்த வேறுபாடு. தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவாக அகற்றுவோர். மருந்து உடலில் நெடுநேரம் தங்கும் இவர்களிடமே நரம்புப் பாதிப்பு மிகுதியாகக் காணப்பட்டது. பைரிடாக்சின் எனப்படும் பி6 உயிர்ச்சத்தைச் சிறிதளவு சேர்த்தால் அப்பாதிப்பைத் தடுக்கலாம் என்பதையும் மையம் காட்டியது. நோய்ப்படுக்கையில் எழுந்த கேள்வி ஆய்வகத்துக்குச் சென்று, விடையோடு திரும்பி, மீண்டும் நோயாளரிடத்தில் சோதிக்கப்படும் இந்த இடையறாப் போக்குவரத்தே சென்னை மையத்தின் தனிச்சிறப்பு.

கொள்கை எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும்

1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. ஆனால் மையத்தின் வெற்றிக்குக் காரணமான வீட்டு வருகை, மருந்து எண்ணுதல், சிறுநீர்ச் சோதனை, மாதாந்திரக் கிருமி வளர்ப்பு ஆகியவை மாவட்டங்களுக்கு வந்து சேரவில்லை. 1992இல் அத்திட்டம் மீளாய்வு செய்யப்பட்டபோது, சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானோரே அதை முடித்திருந்தது வெளிப்பட்டது. ஆய்வு சோதித்தது கண்காணிப்போடு கூடிய வீட்டுச் சிகிச்சையை. நடைமுறைக்கு வந்தது மாத்திரையைக் கொடுத்து அனுப்பும் சிகிச்சை. பின்னது ஒருபோதும் சோதிக்கப்படாதது. முன்னதன் சான்று பின்னதற்கும் உரியதாகக் கொள்ளப்பட்டதே இங்கு நேர்ந்த பிழை. 1990களில் திருத்தியமைக்கப்பட்ட தேசியத் திட்டம் நேரடிக் கண்காணிப்பைத் தன் மையமாக்கிக்கொண்டது, சென்னையில் முப்பதாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டிருந்த ஒன்றுக்குத் திரும்பியதேயாகும்.

உணவு பற்றிய முடிவின் கதை இதனினும் நுட்பமானது. வீட்டு நோயாளரின் உணவு ஆற்றலிலும் புரதத்திலும் கொழுப்பிலும் சானடோரிய உணவைவிட மிகக் குறைந்ததாக இருந்தபோதிலும் அவர்களுக்கும் கிருமி அழிந்தது என்று 1961இல் வெளியான அறிக்கை காட்டியது. சானடோரிய நோயாளர் எடை கூடுதலாகப் பெற்றனர். ஆயினும் கிருமியியல் பலனில் அது எதிரொலிக்கவில்லை. மருந்துக்குப் பணம் செலவிடுவதா உணவுக்குச் செலவிடுவதா என்று திகைத்திருந்த அரசுகளுக்கு இது தெளிவான விடை. ஆனால் காலப்போக்கில் இம்முடிவு, காசநோயில் உணவு பொருட்டன்று என்ற பொதுவிதியாக உருமாறியது. அவ்வாறு மாற அந்த ஆய்வில் இடமில்லை. உணவு அங்குத் தனியே ஒதுக்கீடு செய்யப்படவில்லை. ஓய்வு, காற்று, பராமரிப்பு ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு தொகுப்பின் பகுதியாகவே இருந்தது. அளக்கப்பட்டது சளியிலுள்ள கிருமி. நோயுறாதவர் நோயுறுவதில் உணவுக்குள்ள பங்கோ, மெலிந்தவர் இறப்பதில் அதற்குள்ள பங்கோ அளக்கப்படவில்லை. 193 பேரைக் கொண்ட ஆய்வு இறப்பு விகிதத்தில் உள்ள வேறுபாட்டைக் கண்டறியப் போதிய அளவுடையதும் அன்று.

அறுபதாண்டுகளுக்குப் பின் அந்தக் கேட்கப்படாத கேள்வி கேட்கப்பட்டது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், 2,800 காசநோயாளரையும் அவர்களின் குடும்பத்தினர் 10,345 பேரையும் கொண்டு ரேஷன்ஸ் என்ற ஆய்வு நடத்தப்பட்டது. சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்குபெற்றது. நோயாளர் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. குடும்பத்தினருக்கு மட்டும் சமவாய்ப்பு முறையில் ஒரு பிரிவினருக்கு அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரை ஆகியன கூடுதலாக அளிக்கப்பட்டன. 2023இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடும், ஆய்வகத்தால் உறுதி செய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 விழுக்காடும் குறைந்திருந்தது. மற்றோர் அறிக்கை, முதல் இரு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடிய நோயாளரிடத்தில் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது.

இவ்விரு முடிவுகளும் ஒரே தகுதியுடையவை அல்ல என்பதையும் கருத வேண்டும். முதலாவது சமவாய்ப்பு ஒதுக்கீட்டின் விளைவாதலால், உணவே நோயைத் தடுத்தது என்று உறுதியாகக் கூறலாம். இரண்டாவதில் எவருக்கு எடை கூட வேண்டும் என்பதை எவரும் ஒதுக்கீடு செய்யவில்லை; தேறி வருபவரே எடை கூடுவதும் இயல்பாதலால், எடை கூடியதால் பிழைத்தனரா, பிழைக்கும் நிலையில் இருந்ததால் எடை கூடினரா என்ற கேள்வி முழுதும் தீரவில்லை. சென்னை முடிவும் ஜார்க்கண்ட் முடிவும் ஒன்றையொன்று மறுக்கவுமில்லை. மருந்து கிடைத்தவரிடத்தில் கிருமியைக் கொல்ல உயர்ந்த உணவு தேவையில்லை என்றது ஒன்று. நோய் தோன்றாமல் தடுக்க உணவு தேவை என்றது மற்றொன்று. முரண்பாடாகத் தோன்றுவது, முதல் முடிவை அதன் எல்லைக்கு அப்பால் நீட்டியதால் எழுந்த தோற்றமே.

எவருக்கு வீடு, எவருக்கு மருத்துவமனை

சராசரியைப் பற்றிய விடை தனி ஒருவரைப் பற்றிய விடையாகாது என்பது இறுதியாகக் கருதத்தக்கது. வீட்டுச் சிகிச்சை ஏற்றது என்ற சென்னை முடிவு, மருத்துவமனை எவருக்குமே தேவையில்லை என்று பொருள்படாது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டம் இவ்விடைவெளியையே நிரப்ப முயல்கிறது. நோய் கண்டறியப்பட்ட அன்றே, ஆய்வகச் சோதனை ஏதுமின்றி, உயரத்துக்கேற்ற எடை மிகக் குறைந்துள்ளதா, கால் வீங்கியுள்ளதா, மூச்சு நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் ஓடுகிறதா, குருதியில் ஆக்ஸிஜன் செறிவு 94 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ளதா, பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்ற சில எளிய அளவீடுகளால் நோயாளரை மதிப்பிட்டு, கடும் நிலையில் உள்ளவர்களை உடனே மருத்துவமனையில் சேர்ப்பதும், ஏனையோரை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை அளிப்பதும் அதன் நடைமுறை. காசநோய் இறப்புகளில் பல சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே நிகழ்வதால் இந்த முதல் நாள் மதிப்பீடு உயிர் காக்கும் வாய்ப்பைத் தருகிறது.

1956இல் வீடா சானடோரியமா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்கப்பட்ட கேள்வி, இவ்வாறு எவருக்கு வீடு, எவருக்கு மருத்துவமனை, எவருடைய குடும்பத்துக்கு உணவு என்று நுண்மை பெற்றுள்ளது. முதற்கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்திராவிட்டால் பிந்தைய கேள்விகள் எழுந்திருக்கவே முடியாது. முதல் விடையே போதும் என்று நின்றிருந்தாலும் அவை எழுந்திருக்கா. மருத்துவச் சான்றை மதிப்பது என்பது, எதனோடு எது ஒப்பிடப்பட்டது, எவ்வளவு காலம், எவரிடத்தில், எந்த அளவுகோலால் என்ற நான்கையும் ஒவ்வொரு முடிவோடும் சேர்த்தே நினைவில் வைத்திருப்பதாகும். இந்நான்கையும் உதிர்த்துவிட்டு முடிவை மட்டும் கொள்கையாக்கியதன் விலையை, மருந்தைப் பாதியில் நிறுத்திய நோயாளரும், உணவின்றி நோயுற்ற அவர்தம் குடும்பத்தாரும் கொடுத்துள்ளனர். மருத்துவக் கல்லூரிகளிலும் சுகாதாரத் துறையிலும் சென்னை ஆய்வு அதன் வெற்றிக்காக மட்டுமன்றி, அதன் எல்லைக்காகவும் பயிற்றப்பட வேண்டும்.